வாடாத சாமந்தி

தோவாளைச் சந்தையில் விடிகாலையில் நிறுத்துக் கட்டிய சாமந்தி, நாகர்கோவில் வடசேரிக் கடைத்தெருவுக்கு வந்து சேரும்போதே தண்ணீர் கேட்கத் தொடங்கிவிடும். பூ விற்கிறவர் ஈரத்துணி போட்டு மூடி, அவ்வப்போது தண்ணீர் தெளித்து, அந்தி வரை அதன் முகத்தைக் காப்பாற்றப் பார்ப்பார். மறுநாள் காலையில் மிச்சம் குப்பைக் கூடையில் கிடக்கும்.

கடலுக்குள்ளும் ஒரு சாமந்தி இருக்கிறது. பார்த்தால் பூ, உண்மையில் அது இரை பிடித்துத் தின்னும் விலங்கு. 1828-ல் ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கடற்கரைப் பாறையிலிருந்து ஜான் கிரஹாம் டால்யெல் என்ற இயற்கையியலாளர் அப்படி ஒன்றை எடுத்துவந்து எடின்பரோவில் ஒரு கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். 1851-ல் அவர் இறந்துபோனார், சாமந்தி இருந்தது. கைமாறிக் கைமாறி, வளர்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகும் அது இருந்தது. 1857-ல் ஒரே இரவில் இருநூறுக்கும் மேற்பட்ட குட்டிகளை ஈன்றது. ஊரே அதைப் 'பாட்டி' என்று அழைத்தது. 1887-ல் அது செத்தபோது செய்தித்தாளில் இரங்கல் குறிப்பு வந்தது. குடுவைக்குள் மட்டும் 59 ஆண்டுகள்.

அந்தக் குடுவைக்கு மோட்டார் கிடையாது, எல்.இ.டி. விளக்கு கிடையாது. புதிய கடல்நீர் தவறாமல் மாற்றினார்கள். குளச்சல் பக்கம் நாம் சிப்பி என்கிறோமே, அந்த வகைச் சதையில் ஒரு துண்டை அவ்வப்போது கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

இன்று கடையில் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்கி, அதைவிடப் பல மடங்கு செலவில் தொட்டியும் பம்பும் விளக்கும் வைத்தவர்கள் வீட்டில், அதே குடும்பத்தைச் சேர்ந்த உயிர் சில மாதங்களில் சுருங்கி, வெளுத்து, கரைந்துபோகிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மீன் வளர்க்கிற பழக்கத்திலேயே இதையும் வளர்க்கப் பார்க்கிறோம். கடல் சாமந்தி வைத்திருப்பவர் முதலில் வளர்க்க வேண்டியது தண்ணீரை. தண்ணீர் தேறிவிட்டால் சாமந்தி தானாகத் தேறும்.

கடைகளில் இதற்கு 'அனிமோன்' என்றுதான் பெயர். பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் நெருங்கிய உறவு. எலும்பில்லை, மூளையில்லை. அடியில் பாறையைப் பற்றிக்கொள்ளும் சதைப் பாதம், மேலே தட்டுப் போன்ற வட்டம், நடுவில் ஒரு வாய், சுற்றிலும் கைகளைப் போல நீண்ட உணர்விழைகள். தின்பதும் அந்த வாயால், கழிவை உமிழ்வதும் அதே வாயால். உணர்விழை ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டி வைத்த நஞ்சுக் குழல். சின்ன மீனோ இறாலோ பட்டதும் குழல் தெறித்துப் பாயும். மனிதத் தோலில் பெரும்பாலும் லேசான ஒட்டலாகவே தெரியும். சிலருக்குத் தடிப்பும் எரிச்சலும் வரும். இந்த நஞ்சை அலட்சியம் செய்யக்கூடாது. பிரான்சில் சார்ல் ரிஷேயும் பால் போர்த்தியேவும் கடல் சாமந்தியின் நஞ்சை வைத்து ஆராய்ந்தபோதுதான், உயிரையே பறிக்கும் கடும் ஒவ்வாமையான அனஃபிலாக்சிஸ் என்பதைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக ரிஷேக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே தொட்டிக்குள் கைவிடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எடின்பரோ பாட்டிக்கும் நம் கடைகளில் விற்கும் சாமந்திக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பாட்டி குளிர்கடலின் பாறைக்கரை இனம். கிடைத்த சதையைத் தின்று வாழும். கோமாளி மீனுக்கு வீடாகும் வெப்பக்கடல் இனங்களோ தம் சதைக்குள்ளேயே நுண்பாசிகளை வைத்துக் குடித்தனம் நடத்துகின்றன. பாசி ஒளியில் உணவு சமைக்கிறது. அதில் பெரும்பங்கு சாமந்திக்குப் போகிறது. சாமந்தியின் கழிவு பாசிக்கு உரமாகிறது. சாமந்தியின் பழுப்பு நிறமே பாசி தந்த நிறம்தான். தண்ணீர் சூடானாலோ, ஒளி போதாமல் போனாலோ, சாமந்தி பாசியை வெளியேற்றிவிட்டு வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகில் மயங்கி வாங்குகிறவர், பட்டினி கிடக்கும் ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் கூட்டங்கூட்டமாக வெளுத்தது நினைவிருக்கலாம். சாமந்திக்கும் அதே நோய்தான், அதே காரணம்தான். அத்தனை பெரிய கடலுக்கே அந்தக் கதி என்றால், கூடத்து ஓரத்தில் நிற்கும் 200 லிட்டர் தொட்டி எந்த மூலைக்கு?

குழந்தைகள் வண்ணமீன் கடைக்குள் நுழைந்ததும் "அண்ணாச்சி, நீமோ இருக்கா?" என்று கேட்கத் தொடங்கியது 2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்த பிறகு. படத்தில் நீமோவின் வீடு சாமந்தி. மீனை வாங்கினால் வீட்டையும் வாங்கத்தானே வேண்டும் என்று பெற்றோருக்குத் தோன்றுவது இயல்பு. கடைக்காரரும் மறுத்துச் சொல்வதில்லை. ஆனால் தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளி மீனுக்குச் சாமந்தி தேவையே இல்லை. கடலில் அதற்குச் சாமந்தி கோட்டை. பெரிய மீன்கள் அந்த நஞ்சுக்குப் பயந்து நெருங்குவதில்லை, கோமாளி மீனை அதன் மேற்பூச்சு வழுவழுப்பு காப்பாற்றுகிறது. தொட்டியில் துரத்த யாருமில்லை. ஒரு பாறை இடுக்கு போதும், பானைத் துண்டு போதும்.

கோமாளி மீனில் சுமார் 30 இனங்கள் உண்டு. அவை குடியிருக்கும் சாமந்திகள் உலகிலேயே பத்து இனங்கள்தான் என்று கணக்கு. நம் மன்னார் வளைகுடாவின் 'செபே' கோமாளி மீன், ஹாடோன் சாமந்தி என்னும் கம்பள வகையோடு வாழ்கிறது. மணலில் பாய் விரித்தாற்போலக் கிடக்கும் அந்தச் சாமந்தி அரை மீட்டருக்கும் மேல் விரியக்கூடியது, கொட்டும் வலிமையும் அதிகம், தொட்டியில் உள்ள மற்ற மீன்களையே பிடித்துத் தின்றுவிடும். முதல் முறை வளர்க்கிறவருக்கு அது ஏற்றதே அல்ல. வீட்டுத் தொட்டிக்குச் சொல்லத்தக்கது குமிழ்முனை சாமந்தி. அதன் இழை நுனிகள் சின்னச் சின்னக் குமிழாக உப்பியிருக்கும். தொட்டியில் நன்றாக இருந்தால் தானே நடுவில் பிளந்து இரண்டாகும். ஒன்று சில ஆண்டுகளில் ஐந்தாறாகப் பெருகிய வீடுகள் உண்டு. இந்த ஒரு குணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இனி தண்ணீருக்கு வருவோம்.

வடசேரியில் இருப்பவருக்கு முதலில் தோன்றுவது, கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கேன் எடுத்துக்கொண்டு போனால் தீர்ந்தது என்பது. சங்குத்துறையோ சொத்தவிளையோ அரைமணிப் பயணம்தான். ஆனால் கரையோரத் தண்ணீர் எல்லா நாளும் ஒரே தண்ணீர் அல்ல. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. நாஞ்சில் நாட்டு வயல்களையும் நகரத்துச் சாக்கடையையும் தொட்டுக்கொண்டு வரும் பழையாறு மணக்குடியில் கடலில் கலக்கிறது. மழை வெள்ளம் வரும் நாட்களில் அந்தப் பக்கத்துக் கடல்நீரில் உப்புக் குறைந்திருக்கும். சேறும் வயலுரமும் பூச்சிமருந்தின் மிச்சமும் சேர்ந்திருக்கும். மீன் சிலவேளை தாங்கும். சாமந்திக்கு உடம்பெல்லாம் தோல்தான். தண்ணீரில் இருப்பதெல்லாம் உடம்பில் இறங்கும்.

மணல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நம் கடற்கரை மணல் வெறும் மணல் அல்ல. மணவாளக்குறிச்சியில் இந்திய அரிய மணல் ஆலை இயங்குவதே அந்த மணலில் உள்ள இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் ஆகியவற்றுக்காகத்தான். இல்மனைட் இரும்பு கலந்தது. மோனசைட்டில் கதிரியக்கத் தோரியம் இருக்கிறது. கரையில் கறுப்பு வரிவரியாகத் தெரிவது இந்தக் கனிமங்களே. அதை அள்ளிவந்து தொட்டியில் கொட்டக்கூடாது. கடையில் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்துள்ள அரகோனைட் மணல்தான் சரி.

ஆகவே வீட்டில் கடல் செய்வதே நல்ல வழி. முக்கடல் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் குடிக்க அருமையானது. ஆனால் அதில் குளோரின் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைக்க வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ. சமையலுப்பு அல்ல, கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்த்துத் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு. கலக்கிய நீரின் அடர்த்தி 1.024-க்கும் 1.026-க்கும் இடையில் இருக்க வேண்டும். மிதக்கும் கண்ணாடிக் கருவியை நம்புவதைவிட, ஒரு சொட்டு விட்டுக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 200 லிட்டரில் 10 லிட்டர் ஆவியாகிவிட்டால் 35 என்பது ஏறக்குறைய 37 ஆகிவிடும். குறைந்த அளவுக்கு நல்ல ஆர்.ஓ. தண்ணீரை அன்றன்றைக்கே ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு தினமும் காலையில் அந்தக் கோடு வரை நிரப்பினால் கணக்கு தப்பாது. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றும்போது மட்டும் உப்புத் தண்ணீர்.

உப்பு சரியாகிவிட்டது என்பதற்காகச் சாமந்தியை உடனே இறக்கிவிடவும் முடியாது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், வேறொன்று நைட்ரேட் ஆக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் நஞ்சு. இரண்டும் பூஜ்யமாக நிற்க வேண்டும். இந்தப் பாக்டீரியாக் கூட்டம் பாறையிலும் மணலிலும் குடியேற நாலைந்து வாரம் ஆகும். தொட்டிக்காரர்கள் இதைச் 'சைக்கிள் ஆவது' என்பார்கள். மீனுக்கு அது போதும். சாமந்திக்குப் போதாது. அளவுகள் ஏறி இறங்கித் தள்ளாடும் காலம் முடிந்து தொட்டி நிதானப்பட ஆறு மாதம், ஓராண்டு ஆகும். அதுவரை பொறுத்திருப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் மிகக் கடினமான வேலை. பணம் இருப்பவருக்கும் இந்த ஓராண்டைக் கடையில் வாங்க முடியாது.

வெப்பம் 24 முதல் 27 பாகை வரை இருந்தால் நல்லது. சென்னையோடும் மதுரையோடும் ஒப்பிட்டால் நாகர்கோவில் கொடுத்துவைத்த ஊர்தான். ஆனாலும் பங்குனி, சித்திரையில் மூடிய அறையில் விளக்கும் பம்பும் ஓடும் தொட்டி 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். நீர்ப்பரப்பின்மேல் சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டொரு பாகை குறையும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த கடலோர ஊரில் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். விசிறியின் பலன் உள்நாட்டு ஊர்களில் கிடைக்கும் அளவு இங்கே கிடைக்காது. சாமந்தி வளர்ப்பது என்று முடிவெடுத்தவர், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

மின்சாரம் போனால்? 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, சாய்ந்த மின்கம்பங்களை நிறுத்தி ஊர்கள் வெளிச்சம் காணப் பல நாள் பிடித்தது. அப்படிப்பட்ட நாளில் ஓட்டம் நின்ற தொட்டியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றலாம். இது கேலிக்குரிய யோசனை அல்ல. 1840-களில் லண்டனில் ஆனா தைன் என்ற பெண்மணி, டார்கி கடற்கரையிலிருந்து கொண்டுவந்த பவள உயிர்களை இப்படித்தான் காப்பாற்றினார். அவருடைய பணிப்பெண் திறந்த ஜன்னலருகே நின்று கடல்நீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றிக் காற்றேற்றினார். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்கும் பழக்கமே அந்த ஜன்னலோரத்தில் தொடங்கியது எனலாம்.

சாமந்தியை வீட்டுக்குக் கொண்டுவரும் நாள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடையில் அவசரப்படாமல் ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். வாய் இறுக மூடியிருக்கிறதா? பிளந்து, உள்சதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் வேண்டாம். பாதம் கிழியாமல் இருக்கிறதா? கல்லிலிருந்து பிய்த்தெடுக்கும்போது அதுதான் முதலில் கிழியும். நிறம் பழுப்பு, பச்சை, சிவப்பு என்று இருக்கலாம், வெள்ளை வேண்டாம். பளீர் மஞ்சளோ ஊதாவோ கண்ணைப் பறித்தால் சாயம் ஏற்றியதாக இருக்கக்கூடும். வெளுத்த சாமந்திக்குச் சாயம் பூசி விற்பது உலகெங்கும் நடக்கிற மோசடி.

வீட்டில் சாமந்தி வந்த பையைத் தொட்டிநீரில் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டுத் தொட்டிநீரைச் சொட்டுச் சொட்டாக அதற்குள் விட வேண்டும். ஒரு மணி நேரமாவது ஆகட்டும். பிறகு பம்புகளை நிறுத்திவிட்டு, பாறை இடுக்கில் பாதம் படும்படி வைத்தால் போதும். அது முதலில் சுருங்கி, வடித்தெடுத்த சோற்று உருண்டைபோல ஆகும். வாய் வழியாகப் பழுப்பாக ஏதோ கக்கும். பயப்பட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் பாதத்தின் ஓரம் விரிந்து கல்லைத் தடவித் தடவிப் பார்ப்பது தெரியும். பிடித்துப்போனால் இழைகள் ஒவ்வொன்றாக நீளும், தண்ணீர் ஏறி நுனி உப்பும். அந்தக் காட்சிக்காக ஓராண்டு காத்திருந்தது வீண்போகவில்லை என்று அப்போது தோன்றும்.

பிடிக்கவில்லை என்றால் நடக்கத் தொடங்கும். ஒளி குறைவு, ஓட்டம் அதிகம், நீர் சரியில்லை என்று ஏதோ ஒரு குறையை அது நடந்துதான் சொல்லும். இரவோடு இரவாக நடந்து பம்பின் உறிஞ்சு வாயில் சிக்கிக் கூழாகிப்போன சாமந்திகளுக்குக் கணக்கில்லை. சாமந்தி வருவதற்கு முன்பே எல்லாப் பம்பு வாய்க்கும் ஸ்பாஞ்சு உறை மாட்டிவிட வேண்டும். கையால் பிய்த்து நமக்குப் பிடித்த இடத்தில் வைப்பது தவறு. இடம் அதனுடைய விருப்பம்.

உணவு கொஞ்சம் போதும். உள்ளே பாசி சமைத்துக்கொண்டிருக்கிறது. வாரம் ஒருமுறை சுண்டுவிரல் நகத்தளவு பச்சை இறால் துண்டு. பெரிய துண்டாகப் போட்டால் மறுநாள் அப்படியே கக்கிவிடும். கக்கியது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பாசத்தால் அதிகம் ஊட்டிக் கெட்ட தொட்டிகளே அதிகம்.

ஒரு எச்சரிக்கையைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும்: செம்பு. மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் கொடுக்கும் மருந்துகள் பலவற்றில் செம்புச் சத்து இருக்கிறது. மீன் பிழைக்கும், சாமந்தி செத்துப்போகும். நோய்ப்பட்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து போட வேண்டும். செத்த சாமந்தியைக் கண்டுபிடிக்க மூக்கு போதும். துர்நாற்றத்தோடு இழையிழையாகப் பிரிந்துவரும். உடனே வெளியே எடுக்காவிட்டால் ஓர் இரவில் தொட்டி முழுக்க அதன் வழியே போகும்.

இத்தனைக்கும் மேலே ஒரு பொறுப்பு இருக்கிறது. கோமாளி மீனைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் வித்தையை நம் ஆய்வாளர்கள் என்றோ கற்றுவிட்டார்கள். வடசேரியிலிருந்து பேருந்தில் போய் வரும் தூரத்திலுள்ள விழிஞ்ஞத்திலும், மண்டபத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைச் செய்தார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் செய்தார்கள். ஆனால் விற்பனைக்கு வரும் சாமந்தியில் பெரும்பகுதி இன்னும் கடலிலிருந்து பிய்த்தெடுத்ததுதான். பல பத்தாண்டுகள் வாழும் உயிர், மெதுவாகப் பெருகும் உயிர். ஒன்றை எடுத்தால் அதில் குடியிருந்த மீன் குடும்பமும் வீடிழக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே எதையும் எடுப்பது குற்றம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தொட்டி அலங்காரத்துக்கு என்று 'உயிர்ப்பாறை' பெயரில் பவளக்கல்லை யாராவது விற்றால், வாங்குகிறவரும் சிறைத்தண்டனைக்குரிய வழக்கில் மாட்டுவார். செயற்கைப் பாறையும் சுட்ட களிமண் கல்லும் அதே வேலையைச் செய்யும். பாக்டீரியாவுக்கு வேற்றுமை தெரியாது.

எனவே வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணாச்சி, இது தொட்டியில பிரிஞ்சதா, கடல்ல எடுத்ததா?" தொட்டியில் பிரிந்த குமிழ்முனை என்று அவர் உறுதியாகச் சொன்னால், உங்கள் தொட்டிக்கும் ஒரு வயது நிறைந்திருந்தால், வாங்குங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், ஒரு ஜோடி கோமாளி மீனோடு வீட்டுக்கு வாருங்கள்.